எரெபஸ் மலையைத் திருத்தித் தாருங்கள், இல்லாவிட்டால் காசைத் தாருங்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

நேற்று இரவு உங்களிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "தங்கள் முறைப்பாடு வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று. எது தீர்ந்தது, யார் தீர்த்தது என்று ஒருக்கால் சொல்லுங்கள். உங்களிடம் வாங்கிய பிழை நிறைந்த வரைபடம் இன்னும் என் வீட்டு விறாந்தையில்தான், முகம் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தபடி நிற்கிறது. ஏன் திருப்பி வைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். பதினொரு தரம் தொலைபேசி எடுத்து, வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பி, கொழும்பு வரை வந்தும் போய்விட்டேன். இனி எழுத்தில் வைத்தால்தான் சரி என்று இதை எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் வீட்டில் வைத்து உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறவள். உங்களிடம் வாங்கியது அந்தாட்டிக்காவில் இருக்கிற றொஸ் தீவின் புடைப்பு வரைபடம், மேடு பள்ளம் கையில் தட்டுப்படுகிற மாதிரிச் செய்தது, தமிழ்ப் பெயர் போட்டது, சட்டம் அடித்த பெரியது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். 38,500 ரூபா. பதினான்கு பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் பாதி, மிச்சம் என்னுடையது. பற்றுச்சீட்டு என் கையில் இருக்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் ஒன்றாவது வருஷா வருஷம் என்னிடம் கேட்கும், "ரீச்சர், அடியில எரிமலை இருக்கா?" என்று. இல்லை, நம் நாட்டில் உயிருள்ள எரிமலை ஒன்றும் கிடையாது, பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்குப் போன தண்ணீர் அங்கே சூடாகித் திரும்பி மேலே வருகிறது என்று சொல்லுவேன். முகம் வாடிவிடும். அந்தப் பிள்ளைகளின் விரல் ஒரு தடவையாவது ஒரு எரிமலையின் வாயைத் தொட வேண்டும், அதே மலையின் பக்கத்தில் பனிக்கட்டியாறு இறங்கிக் கடலுக்குள் போவதையும் தடவிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் இதை வாங்கினேன். இரண்டு பாடம், ஒரே மலை. அந்தத் தீவில் நிற்கிற எரெபஸ்தான் அது, பூமியின் தென்கோடியில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற எரிமலை, உச்சிக் குழிக்குள் குழம்பு ஏரியாகக் கொதித்தபடி கிடக்கிறது, மேலே வருகிற நீராவி உறைந்து பனிக் கோபுரமாக நிற்கிறது. இப்படி ஒரு இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட யாருக்குத்தான் ஆசை வராது?

பெட்டியைத் திறந்த அன்றைக்கே வயிறு எரிந்தது. முதலில் உயரம். எரெபஸ் 3,794 அடி என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐயா, அது மீற்றர். அடியில் சொன்னால் 12,448. உங்கள் கணக்குப்படி பார்த்தால் எரெபஸ் நம் நுவரெலியா டவுனை விடத் தாழ்வு, உண்மையில் அது பிதுருதலாகலையை விட ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஒரு பிள்ளை இதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதினால் அதன் புள்ளிக்கு யார் பொறுப்பு?

அப்புறம் பெயர்கள். இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. எரெபஸுக்குக் கிழக்கே இருக்கிற மலைக்கு, சிவப்பில், கொட்டை எழுத்தில், "பயங்கரவாத மலை" என்று போட்டிருக்கிறீர்கள். முகாமையாளர் அவர்களே, டெரர் ஒரு கப்பலின் பெயர். 1841 ஜனவரியில் ஜேம்ஸ் கிளார்க் றொஸ் என்ற பிரித்தானிய மாலுமி எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு அங்கே போனபோது ஒரு மலை புகையும் நெருப்புமாகக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கப்பலின் பெயரை வைத்தார், பக்கத்து மலைக்கு மற்றதன் பெயரை வைத்தார். இரண்டும் குண்டெறியப் போர்க்கப்பலாகக் கட்டியவை, அதனால்தான் அப்படிப் பெயர். எரெபஸ் என்றால் கிரேக்கக் கதைகளில் இருள். அது உங்கள் மொழிபெயர்ப்பாளரின் அகராதியில் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கிடைத்திருந்தால் அதையும் இருட்டு மலை ஆக்கியிருப்பார்.

அந்தச் சொல்லை எங்கள் ஊரில் ஒரு வகுப்பின் சுவரில் தொங்கவிட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? மாட்டி இரண்டாம் நாள் ஒரு பிள்ளையின் தாய் வாசலில் நின்றபடி, உள்ளே வராமல், தாழ்ந்த குரலில் சொன்னார், "ரீச்சர், கோவிக்காதீங்கோ, அதை ஒருக்கால் கழட்டி வையுங்கோ." அவர் பட்டது அவருக்குத் தெரியும். நான் மறுபேச்சில்லாமல் கழற்றித் திருப்பி வைத்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் நிற்கிறது.

இதை நான் உங்கள் இரண்டாம் மாடி மேசையில் இருந்தவரிடம் சொன்னேன். அந்தப் பயணத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. இரவு பஸ்ஸில் ஏறி, நாலடிச் சட்டத்தைப் பெட்ஷீற்றால் சுற்றி மடியிலும் காலிலுமாக வைத்துக்கொண்டு, ஹபரணையில் பஸ் நின்றபோதும் அதை விட்டு இறங்க மனமில்லாமல் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல், விடியப் புறக்கோட்டையில் இறங்கி, உங்கள் கதவு திறக்கும் வரை படிக்கட்டில் இருந்தேன். எனக்கு அறுபத்தொரு வயது. இரண்டு மணித்தியாலம் காக்க வைத்த பிறகு அந்தத் தம்பி வந்தார். சட்டத்தைப் பிரிக்கக்கூட இல்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே சொன்னார், "அன்ரி, அந்தாட்டிக்காவுக்கு யார் போய்ப் பாக்கப் போறாங்க? அங்க பென்குயின் மட்டும்தானே இருக்கு."

முதலாவது, நான் அவருக்கு அன்ரி இல்லை. இரண்டாவது, அந்த மலை எங்கே இருக்கிறது என்பது விளையாட்டா? 1979 நவம்பர் 28ஆம் திகதி நியூசிலாந்திலிருந்து அந்தாட்டிக்காவைச் சுற்றிக் காட்டப் போன விமானம் எரெபஸின் சரிவில் மோதி 257 பேரும் செத்தார்கள். பாதைக்கான ஆள்கூறுகளை முதல் நாள் இரவு மாற்றியது விமானிகளுக்குத் தெரியாது, தாங்கள் தட்டையான கடற்பனிக்கு மேலே பறக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்கள், முன்னால் நின்றது மலை. இதை அந்தத் தம்பிக்கு அங்கேயே, எல்லோரும் பார்க்க, சொன்னேன். அவர் "டிசைன் பகுதி வேற கட்டடம், இன்றைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். லீவு என்று முதல் நாள் தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை? நான் கேட்டுவிட்டுத்தானே பஸ் ஏறினேன்? அன்றிரவே திரும்பினேன். சட்டத்தின் ஒரு மூலை உடைந்ததும் அந்தப் பயணத்தில்தான், அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுத்து எங்கேயோ போகிறது. உங்கள் நிறுவனத்தில் மரியாதையாகக் கதைத்தவர்களும் இருந்தார்கள், முதல் மாதம் தொலைபேசி எடுத்த தங்கச்சி ஒருவர் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். அவரை அதற்குப் பிறகு காணவில்லை.

பிழைகளை முழுதாகச் சொல்லவில்லை. "பறவை மலை" என்று வடக்கில் ஒன்று இருக்கிறதே, அது பறவை இல்லை, எட்வர்ட் பேர்ட் என்ற மனிதர், றொஸின் கப்பலில் இருந்த லெப்டினன்ட். "மக்மர்டோ ஒலி" என்று மேற்குப் பக்கத்துக் கடலில் எழுதியிருக்கிறீர்கள். கடலுக்குள் ஒலி எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது எனக்கே முதலில் விளங்கவில்லை, பிறகுதான் பிடிபட்டது, ஆங்கிலத்தில் சவுண்ட் என்றால் நிலங்களுக்கு இடையில் நீண்டு கிடக்கும் கடல் என்றும் ஒரு பொருள் உண்டு. இதைக்கூடப் பார்க்காமலா அச்சுக்கு அனுப்பினீர்கள்? பார்ன் பனிக்கட்டியாற்றைப் "பாண் பனிக்கட்டியாறு" என்று போட்டிருக்கிறது. அந்தாட்டிக்காவை ஆராயப் போன ஸ்கொட்டின் டிஸ்கவரி பயணத்தில் போன மைக்கேல் பார்ன் என்பவரின் பெயர் ஐயா அது. எங்கள் ஊரில் பாண் என்றால் காலையில் வாங்கிச் சம்பலோடு சாப்பிடுவது. வகுப்பு முழுக்கச் சிரித்தது, அன்றைக்கு மேலே பாடம் நடக்கவில்லை.

எல்லாப் பெயரையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காற்று இல்லாத இடம் என்று பார்த்து வைத்த பெயரைக் காற்றில்லாக் குடா என்று போட்டது சரி, நல்லாயிருக்கிறது. புறா இருப்பதால் நாங்கள் புறாத்தீவு என்கிறோம். ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பிரெட்றிக் கோட்டையை யாராவது மொழிபெயர்க்கிறார்களா? எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு கப்பல் இருக்கிறது, 1817இல் பம்பாயில் கட்டியது, இப்போதும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. நாளைக்கு யாராவது அதைப் பெயர்த்து மூன்று மூலைக் குன்று என்று எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்? எரெபஸ், டெரர் மட்டுமில்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற டெரா நோவா மலையும் கப்பலின் பெயர், அரோரா பனிக்கட்டியாறும் கப்பலின் பெயர்தான். துறைமுகத்துப் பிள்ளைகள் இதைச் சொன்னவுடன் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குத்தான் ஐந்து மாதமாக விளங்கவில்லை.

இனி பனிக்கட்டியாறுகள். பெயரை விட்டாலும் இதை விட முடியாது. எரெபஸ் பனிக்கட்டியாற்றை மலையின் வடக்கே இறக்கிவிட்டிருக்கிறீர்கள். அது தெற்குச் சரிவிலிருந்து மேற்கே போய்க் கடலில் இறங்குவது. இறங்கினதும் முடிவதில்லை, பத்துக் கிலோமீற்றருக்கும் கூடுதலாக மக்மர்டோவுக்குள் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு மிதக்கிறது. இரண்டு ஓரமும் பல்லுப் பல்லாக இருக்கும். நான் புத்தகத்தில் படத்தைக் காட்டியபோது கடற்றொழில் வீட்டுப் பையன் ஒருவன் சட்டென்று சொன்னான், "ரீச்சர், வேளாக் கொம்பு!" வாள் மாதிரிப் பல்லுள்ள வேளா மீனின் கொம்பைச் சொன்னான். இத்தனை வருஷம் படிப்பித்தும் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பிறகு அவன் ஓடிப்போய் உங்கள் வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினான், அங்கே ஒன்றும் இல்லை, மொட்டைக் கரை. அந்த நாக்கைக் காட்டத்தானே நான் காசு கொடுத்தேன்? அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு நீங்கள் மூன்று லட்சம் தந்தாலும் ஈடாகாது. இந்த வருஷப் படிப்பையே நாசமாக்கிவிட்டீர்கள் என்றுதான் சொல்லுவேன்.

இங்கே பிரதான வீதியில் இருக்கிற உங்கள் முகவரிடம் முதலில் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் பாவம், தானும் பெட்டியை மட்டும் வாங்கி விற்கிறதாகச் சொன்னார். கொழும்புக்குப் போகச் சொன்னது அவர்தான்.

போன கிழமை கூரியரில் வந்த உறைதான் கடைசி. திருத்தம் வந்துவிட்டது என்று பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரேயொரு ஸ்ரிக்கர். "பயங்கர மலை." வாதத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். உயரம் அப்படியே, நாக்கு இல்லை, பாண் அப்படியே. இதைத்தான் தீர்க்கப்பட்டது என்கிறீர்களா?

எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. தமிழில் இப்படி ஒரு வரைபடம் போட நினைத்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், உண்மையாகத்தான் சொல்கிறேன், வேறு யாரும் போடவில்லை. திருத்தின பிரதி ஒன்றை உங்கள் செலவில் வீட்டுக்கு அனுப்புங்கள், டெரரை டெரர் என்று போடுங்கள், நாக்கை அதன் இடத்தில் வையுங்கள். அடுத்த அச்சுக்கு முன் யாராவது புவியியல் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நானே இருந்து சும்மா பார்த்துத் தருகிறேன். முடியாதென்றால் 38,500 ரூபாவும், கொழும்பு வந்துபோன பஸ் காசும், உடைந்த சட்டத்தின் காசும் வேண்டும்.

இந்த மாதம் 30ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துப் பதிவு செய்வேன், எழுத்திலும் கொடுப்பேன், பதினொரு அழைப்பின் நேரமும் ஸ்ரிக்கரும் படங்களும் எல்லாம் வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கும் எழுதுவேன். அந்த இரண்டாம் மாடித் தம்பி சொன்ன வசனத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் போடுவேன்.

பார்சல் அனுப்புவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன் வரும்படி அனுப்புங்கள், வகுப்பு அப்போதுதான்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை