சம்பந்தியம்மா பர்ஸ்ல இருந்த பேப்பர் கட்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்ட ரெண்டு நாள்ல சுத்திப் பாக்குறது எப்படினு உங்க ஞாயிறு இணைப்புல ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்களே, அத கத்தரிச்சு நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல இருந்து எங்க சம்பந்தியம்மா வந்து இறங்கிட்டாங்க. பொண்ண கட்டிக் குடுத்து ஒன்றரை வருஷம் ஆகுது, இப்பதான் முத தடவையா எங்க வீட்ல தங்க வர்றாங்க, அதுவும் புரட்டாசி முடிஞ்ச முத சனி ஞாயிறு, எனக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல. நாங்க செட்டியார் வீடு இல்லீங்க, காரைக்குடில சாதாரண ரெண்டு பெட்ரூம் வீடு, ஆனா வர்றவங்களுக்கு காரைக்குடினாலே அரண்மனைதான் ஞாபகம்.

சனிக்கிழமை காலைல வண்டி பிடிச்சு கிளம்பினோம். நீங்க போட்ட செட்டியார் வீட்டு லிஸ்ட்ல முத வீடு பூட்டு. ரெண்டாவது வீட்ல வாட்ச்மேன் 'குடும்பத்துல ஆள் வந்திருக்காக, இன்னைக்கு விடமாட்டோம்'னுட்டார். அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அது அவங்க சொந்த வீடு, நம்ம வீட்டுக்குள்ள யாராவது கேமராவோட வந்தா நாம விடுவோமா? ஆனா நீங்க என்னமோ மியூசியம் மாதிரி 'அவசியம் உள்ளே சென்று பாருங்கள்'னு எழுதிட்டீங்க. இங்க பல வீடு பங்காளிங்க பத்து இருபது பேருக்கு பொது, அவங்க சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருப்பாங்க, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), பொங்கல்னாதான் கதவு திறக்கும். இத ஒரு வரி போட்டிருந்தா முன்னாடியே யாரயாவது பிடிச்சு கேட்டு வச்சிருப்பேன், சம்பந்தி முன்னாடி அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு. ஐப்பசி இல்லையா. மூடின வீட்டு திண்ணைல ஒதுங்கி நிக்குறோம், சம்பந்தியம்மா மெதுவா என் காதுகிட்ட வந்து "ஏனுங்க சம்பந்திமா, இங்க பாத்ரூம் எங்கீங்க இருக்குது"ன்னாங்க. அவங்களுக்கு சுகர் இருக்கு, காலைல இருந்து அடக்கிக்கிட்டே வந்திருக்காங்க பாவம். ஊர் பேர் சொல்ல வேணாம், அங்க இருக்குற நல்ல மனுஷங்க வருத்தப்படுவாங்க, ஆனா அந்த ரெண்டு தெருவுலயும் நாங்க தேடின வரைக்கும் ஒரு பொதுக் கழிப்பறை கண்ணுல படல. 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்க போயாச்சு, வெளிநாட்டுக்காரங்க பஸ் பஸ்ஸா வந்து இறங்குறாங்க, அவங்கல்லாம் எங்க போறாங்கனு எனக்கு நெசமாவே புரியல.

வேற வழியில்லாம பக்கத்து வீட்டு கதவ தட்டினேன். எழுபது வயசு தாண்டின ஒரு ஆச்சி வந்தாங்க, விஷயத்த சொன்னதும் ஒரு கேள்வி கேக்கல, "இதுக்கா யோசிச்சீக, உள்ள வாங்க"னு இவங்கள நேரா பின்கட்டுக்கு கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நான் வளவுல, அதான் முத்தத்த சுத்தி இருக்குற தாழ்வாரத்துல, தூண் ஓரமா நின்னேன். நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் கூடி மூலைல ஒரே கொட்டா கொட்டுது, கீழ பித்தள அண்டா வச்சிருக்காங்க, அது நிரம்பி வழிஞ்சு முத்தத்துல ஓடி கல்லு ஓட்டை வழியா தெருப்பக்கம் போகுது. அந்தக் காலத்துல இந்தத் தண்ணி வாய்க்கா வழியா ஊருணிக்கே போய் சேருமாம், ஆச்சி சொன்னாங்க. சம்பந்தியம்மா வந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க, முக்கால் மணி நேரம், காப்பி வேற வந்துச்சு. அவ்ளோ நேரமும் பர்ஸ்ல இருந்த கட்டிங்க தொடவே இல்ல.

இன்னொண்ணு, தரைக்கு பதிக்கிற ஆத்தங்குடி கல்லு இத்தாலில இருந்து கப்பல்ல வந்ததுனு போட்டிருக்கீங்க, அது தப்புங்க. மார்பிள்தான் இத்தாலி, தேக்கு பர்மா, கண்ணாடி பெல்ஜியம். ஆத்தங்குடி கல்லு ஆத்தங்குடிலதான் பண்றாங்க, உள்ளூர் மணல்ல. மழை விட்டப்புறம் ஒரு பட்டறைக்கு போனோம், கண்ணாடித் துண்டு மேல அச்சு வச்சு கட்டம் கட்டமா கரண்டில கலர ஊத்துறாங்க, அச்ச தூக்கினா ஒரு கலர் இன்னொண்ணுல கலக்கல, அது மேல சிமெண்டு மணல் போட்டு அமுக்கி காய வச்சு தண்ணித்தொட்டில ஊறப்போடுறாங்க. கடைசில கண்ணாடி விட்டு வரும்போது பளபளனு இருக்கு பாருங்க, சூளையும் கிடையாது பாலிஷும் கிடையாது. சம்பந்தியம்மா பூஜை ரூமுக்கு போடணும்னு அங்கயே சதுர அடி கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க.

சாப்பாட்டு பகுதிலயும் சிக்கன், மட்டன், காரம், காரம்னே எழுதியிருக்கீங்க. சனிக்கிழமை கவுச்சி சாப்பிடாதவங்க எங்க போவாங்க? ஞாயித்துக்கிழமை காலைல வெள்ளைப் பணியாரம் சுட்டேன். பச்சரிசி ஒரு டம்ளர், அதே டம்ளர்ல அரிசி மேல கோபுரமா நிக்குற அளவு உளுந்து, ஊறவச்சு வெண்ணெயா ஆட்டி, ஒரு கரண்டி பால், உப்பு, துளி சக்கரை, எண்ணெய்ல ஒவ்வொண்ணா. ரங்கூன்லயும் பினாங்குலயும் வட்டிக்கடை வச்சவங்க வீட்டு பலகாரம் இது, துவையல் தவிர எதுலயும் காரம் கிடையாது. உங்க கட்டிங் மேலதான் எண்ணெய் வடிய வச்சேன், கோவிச்சுக்காதீங்க. மட்டன் மத்தியானம்தான், அதுக்கும் புரட்டாசி முடிஞ்ச ஞாயிறுங்கறதால எங்க வீட்டுக்காரர் கடைல ஒன்றரை மணி நேரம் நின்னார்.

அதனால அடுத்த தடவ எழுதுறப்போ எந்த வீடு என்னைக்கு திறப்பாங்க, முன்னாடியே யார்கிட்ட கேக்கணும், கழிப்பறை எங்க இருக்கு, இந்த மூணையும் முதல்ல போடுங்க. இல்லைனா இல்லைனே போடுங்க, அப்பவாவது யாராவது கட்டுவாங்க. சம்பந்தியம்மா தை மாசம் அவங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி