பூனாவில் இருக்கும் நண்பனுக்கு, கார்த்திகை மழையில் வேலூரிலிருந்து

வேலூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்ததும் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவளுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏற முடியவில்லை, மற்றபடி நலம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று கேட்டதும் ஊரே பாலத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறது. மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் செம்மண் தண்ணீரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் போதவில்லை.

"பன்னிரண்டு மாதமும் எல்லாக் காயும் கிடைக்கிறது, ஆனால் எதைத் தின்றாலும் ஒரே ருசியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உன் தங்கச்சியால் அதிகம் நடக்க முடியாமல் போனதிலிருந்து டோல்கேட் உழவர் சந்தைக்குப் போவது என் வேலை. போகப் போகச் சமையலும் என் கைக்கு வந்துவிட்டது. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நாம் டீக்கடையில் பேசியது நினைவிருக்கிறதா? இருபத்தைந்து ஆண்டு தாண்டி இன்றும் நடக்கிறது. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட்டி, வெளிக்கடை விலையைவிடக் குறைத்து, காலையிலேயே பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் ஆள் இல்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள். விடிந்தவுடன் போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் போனால் கீரை வாடியிருக்கும், நல்ல காய் தீர்ந்திருக்கும்.

நான் சீட்டு எழுதிக்கொண்டு போவதில்லை. என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போனால் அந்தக் காயைத் தேடி அலைவோம், கிடைத்தால் எந்த விலைக்கும் வாங்கிவிடுவோம். முதலில் ஒரு சுற்று சும்மா நடப்பேன். எது குவியலாக இருக்கிறதோ, எதைப் பத்துப் பேர் வைத்து விற்கிறார்களோ, அதற்குத்தான் இது பருவம். அன்றைக்கு விலையும் அதற்குத்தான் குறைவு, ருசியும் அதில்தான். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஓர் அம்மா முன்னால் கொஞ்சம் அவரை, நாலு கட்டுக் கீரை, ஒரு கூடை கத்தரி இருந்தால் அது அவர் கொல்லையில் விளைந்தது. கேரட், பீட்ரூட், கோஸ் என்று அடுக்கியிருந்தால் அது ஊட்டியிலிருந்தோ ஒசூரிலிருந்தோ வந்த சரக்கு. அதைக் குறை சொல்லவில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் என் காசு முதலில் அந்த அம்மாவிடம் போக வேண்டும் என்று நினைப்பேன்.

இப்போது மல்லாட்டைக் காலம். வேர்க்கடலை என்று சொல்லிச் சொல்லி இந்தப் பெயரை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஆடியில் விதைத்த மானாவாரிச் செடியைப் பிடுங்கி, மண் ஒட்டியபடியே பச்சையாகக் கொண்டுவருகிறார்கள். நாலு தண்ணீரில் அலசி, கல்லுப்பு போட்டு, தோலோடு அவித்து, சூடு ஆறும்வரை அந்த உப்புத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். உடனே வடித்தால் உப்பு உள்ளே இறங்காது. பச்சைக் கொட்டையில் ஒரு பிடியை உரித்துக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பிலும் போடுகிறேன். காய்ந்த கடலையில் அந்தப் பால் ருசி வராது.

மல்லாட்டைக் கொல்லையிலும் கேழ்வரகுக் கொல்லையிலும் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையும் இப்போதுதான் கிடைக்கும். யாரும் விதைப்பதில்லை. மழை பெய்தால் வரும், வெயில் ஏறினால் போய்விடும். அதனால் எந்தப் பெரிய கடையிலும் இதை நீ பார்க்க முடியாது. பூண்டு, பச்சை மிளகாய், ஒரு கோலி அளவு புளி சேர்த்து வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் வேண்டாம். உன் அம்மா கடைந்து போட்டதை நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றிருக்கிறோம். மழைக்காலக் கீரையில் மண்ணும் பூச்சியும் அதிகம், அலசுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

கத்தரிக்காயைப் பற்றி எழுதாமல் வேலூரிலிருந்து கடிதம் எழுத முடியுமா? நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ராமநாதபுரம் முண்டு மிளகாயோடு சேர்த்து. சந்தையில் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டு நின்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காம்பிலும் அதன் கீழ்த் தொப்பியிலும் முள் இருக்கும், கவனமாகப் பிடிக்காவிட்டால் விரலில் ஏறிவிடும். சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கும், ஒதுக்கிவிடு. மற்றபடி கோணல் மாணலாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே. நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு, எள்ளும் மல்லாட்டையும் வறுத்து அரைத்து, புளி கரைத்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை அடுப்பைத் தணித்து வைப்பேன். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்களே, அந்த மாதிரி. வெறும் சோற்றுக்கே அது போதும். இவ்வளவு பெயர் வாங்கிய காய்க்கு எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். வழவழவென்று முள்ளில்லாத ஒட்டுரகம் விலை குறைவாகக் கிடைக்கும்போது எல்லாரும் அதைத் தேடிப் போனால், விதை எடுத்து வைத்துப் பயிரிடும் வீடுகள் எத்தனை காலம் தாங்கும்? குறியீடு காகிதத்தில் இருக்கும், விதை நிலத்தில் இருக்காது. அதனால் முள்ளுக் கத்தரி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கச் சொல்கிறேன்.

தக்காளி இந்த மாதத்தில் எப்போதும் ஏறும். நமக்கு ஆந்திராவில் மதனப்பள்ளி, பலமனேர் பக்கம்தானே அது விளைகிறது. அங்கே தொடர்மழை என்றால் இங்கே விலை எகிறும். 2021 நவம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்போதுதான் தக்காளி இல்லாமல் சமைக்கப் பழகினேன். நம் பாட்டிகள் குழம்பில் தக்காளி எங்கே இருந்தது? புளி, இல்லாவிட்டால் மாவத்தல். முருங்கைக்காயும் மழையில் வராது, மார்கழி வரைக்கும் அதன் விலையும் கைக்கு எட்டாது. வேண்டாமென்று விட்டுவிடுகிறேன். பங்குனியில் மரம் கொள்ளாமல் காய்க்கும்போது தின்றால் போயிற்று.

பருவம் பார்த்துச் சமைப்பது வேலூரில் சுலபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் தாராளம், தை மாதம் திருவிழா, ஆனால் சித்திரை வைகாசியில் நம் வெயிலில் என்ன காய் நிற்கும்? அதற்குத்தான் வத்தல். மலிவாக இருக்கும்போது கத்தரிக்காயை வாங்கி அரை வேக்காட்டில் எடுத்து மொட்டை மாடியில் காயவைக்கிறேன். மாங்காய் வந்ததும் கீற்றுப் போட்டு உப்பில் ஊறவைத்துக் காயவைக்கிறேன். அக்னி நட்சத்திரத்து வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தவன், இப்போது மூன்றே நாளில் சலசலவென்று காய்ந்து வருகிற வத்தலுக்காக அந்த வெயிலை எதிர்பார்க்கிறேன். நேற்று அடைமழையில் கடைக்குப் போக முடியவில்லை. டப்பாவில் இருந்த மாவத்தலும் கத்தரி வத்தலும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பஞ்ச காலத்துச் சாப்பாடு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஜவ்வாது மலைச் சாமை புதுசு வந்திருக்கிறது. சோறாக்கினால் மணமாக இருக்கிறது. சீதாப்பழம் ஐப்பசியோடு முடிந்துவிட்டது, உன் தங்கச்சிக்கு அதில் வருத்தம்.

பூனாவிலும் உங்கள் பகுதியில் விவசாயிகள் நேரே வந்து விற்கும் வாரச் சந்தை ஏதாவது இருக்கும், விசாரித்துப் பார். அந்த ஊர்க் கீரையின் பெயர் தெரியாவிட்டால் என்ன, விற்கும் அம்மாவிடமே எப்படிச் சமைப்பது என்று கேள். அவர் சொல்வார். இங்கே எனக்குப் பாதிச் சமையல் அப்படித்தான் வந்தது.

உன் வீட்டில் இருக்கும் என் தங்கச்சியிடம் சொல், ஒரு கிலோ மாவத்தல் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஈரம் பட்டால் பூசணம் பூத்துவிடும், வந்ததும் ஒரு நாள் வெயில் காட்டிக் கண்ணாடி பாட்டிலில் போடட்டும். பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, போகிக்கு முந்தியே வந்துவிடு. அந்த வாரத்தில்தான் பச்சை மொச்சை, அவரை, பறங்கி, வள்ளிக்கிழங்கு எல்லாம் ஒன்றாகச் சந்தையில் இறங்கும். எல்லாக் காயும் போட்ட பொங்கல் குழம்பை இரண்டு பேரும் சேர்ந்தே வைப்போம். டிக்கெட் போட்டதும் எந்த வண்டி என்று எழுது, காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்