எடை மெஷினைத் தள்ளி வையுங்கள்: நம் ஊர் ஓட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயற்குழுவினருக்கும், பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்களுக்கும், பெண் பிள்ளைகளை ஓட அனுப்பும் பெற்றோருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் விடிகாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் நம் குழுவினர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முன் அந்த வரிசையில் பெண்கள் என்றால் நானும் இன்னொரு அக்காவும் மட்டும்தான். இன்று பாதிக்குப் பாதி பெண்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய நம் மலேசிய வீராங்கனை எம். ராஜாமணியின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகள் ஓட வேண்டும், நிறைய ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

ஆனால் போன மாதம் இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. ஒன்று, மண்டபத்தில் எடை மெஷினை வைத்துப் பெண்களை வரிசையாக ஏற்றி, எடையை வெள்ளைப் பலகையில் எழுதினீர்கள். குறைந்தவர்களுக்குக் கைதட்டல். இரண்டாவது, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒருத்தி ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து ஓடினாள். கேட்டால், "சும்மா ஷின் வலிதான் அக்கா, ஓட ஓடச் சரியாயிடும்" என்றாள். உட்கார வைத்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நெடுகிலும் ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் மட்டும் துள்ளிவிட்டாள். இருபது காசு அளவுக்கு ஓர் இடம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், முடியவில்லை.

அந்த இருபது காசு இடம் என் காலிலும் இருந்தது.

எனக்கு அப்போது 22 வயது. ஈப்போவில் நடக்கவிருந்த அரை மராத்தானுக்காகத் தயாரானேன். காலையில் பாலில்லாத ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு 16 கிலோமீட்டர் ஓடுவேன், இரவில் சோற்றை நிறுத்திவிட்டேன். ஐந்து மாதத்தில் 48 கிலோவிலிருந்து 43-க்கு வந்தேன். நேரமும் குறைந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். மாதவிலக்கும் நின்றது. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, எட்டு மாதம். அப்போது எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நல்லதுதானே, பயிற்சி உடம்பில் பிடித்துவிட்டது" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு வருட ஓட்டத்தைத் தின்றுவிட்டது.

காலில் அந்த வலி வந்து முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டத்தின் அடி தாங்காமல் எலும்பில் விழும் மெல்லிய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒன்றுமில்லை என்று நினைத்துத் தொடர்ந்து ஓடினேன். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் கணுக்காலுக்கு மேலே விரிசல் தெரிந்தது. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்தார்கள். என் வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதைவிட முதுகெலும்பின் அடர்த்தி மிகவும் குறைவு என்றார் மருத்துவர். என் பாட்டி 30 வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், எழுபதுக்கு மேல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பிறகு எழவே இல்லை. அவர் ஞாபகம்தான் வந்தது.

மாஸ்டர்களே, இதில் மர்மம் எதுவும் இல்லை. 50 கிலோ உள்ள பெண் 16 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 800 கலோரி செலவாகும். ஏறக்குறைய நான்கு கிண்ணம் வெறுஞ்சோறு. அதைச் சாப்பிட்டு ஈடுகட்டவில்லை என்றால், உடம்பு எதையாவது நிறுத்தித்தான் சமாளிக்கும். முதலில் கை வைப்பது சினைப்பை வேலையில். மூளை தரும் சமிக்ஞை குறைந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நிற்கும். எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து கொஞ்சம் கட்டப்படும் ஒன்று. கரைவதைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரோஜன்தான். போதிய சாப்பாடு இல்லாத ஐந்தே நாளில் எலும்பு கட்டும் வேலை மந்தமாவதை ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மாதவிலக்கு நிற்கும் முன்பே எலும்பு அடி வாங்கத் தொடங்கிவிடுகிறது. விளையாட்டு மருத்துவர்கள் 1990-களிலேயே இதை உணவுக் கோளாறு, மாதவிலக்கு நிற்பது, எலும்பு மெலிவு என்று ஒன்றோடொன்று பின்னிய மூன்று கோளாறுகளாகச் சொல்லிவிட்டார்கள். 2014-இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் இதற்கு இன்னும் விரிவாக விளக்கம் கொடுத்தது. நம் மண்டபத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பதின்ம வயது இதில் மிகவும் முக்கியம். பெண்களின் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் சேர்க்காததைப் பிற்பாடு முழுதாகச் சேர்க்க முடியாது. பலகையில் எடை எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 18 ஆகியிருக்கும்?

மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு வரவில்லை என்று போனால் கருத்தடை மாத்திரை எழுதித் தருவதுண்டு. எனக்கும் தந்தார்கள். மாதாமாதம் இரத்தம் வந்தது, சரியாகிவிட்டது என்று நம்பினேன். அது மாத்திரையால் வரும் இரத்தம், உடம்பு தேறியதற்கு அடையாளம் இல்லை. எலும்பை மீட்பதற்காக மட்டும் அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2017-இல் வழிகாட்டியே வெளியிட்டது. எனக்கு வேலை செய்தது சோறுதான். ஓட்டத்தைப் பாதியாக்கி, சாப்பாட்டைக் கூட்டி, ஐந்து மாதம் கழித்து மாதவிலக்கு தானாக வந்தது.

சாப்பாடு என்றதும் பவுடர் டப்பா விற்பவர்கள் பின்னால் போக வேண்டாம். நம் சுகாதார அமைச்சின் 2017 பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 10 முதல் 18 வயது வரை 1,300. ஒரு பெரிய கிளாஸ் பாலில் சுமார் 300. பாட்டி காய்ச்சிய ராகிக் கூழ், முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை, எள், சோயாவில் செய்யும் தவ்ஹு எல்லாம் நம் அடுப்படியிலும் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் கிடைப்பவை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. கடையில் ஆற்றித் தரும் தேத்தாரிக் தேநீரைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் போவது பெரும்பாலும் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் கலந்த கிரீமர். ஆனால் இத்தனையும் இரண்டாவது. மொத்தச் சாப்பாடு பற்றாத உடம்பில் கால்சியத்தை மட்டும் கொட்டிப் பயனில்லை. ஓடும் முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்ததும் அரை மணியில் வயிறார ஏதாவது. தைப்பூச விரதத்தையோ புரட்டாசி சைவத்தையோ விடச் சொல்லவில்லை. விரத நாட்களில் கிலோமீட்டரைக் குறையுங்கள், பருப்பும் தயிரும், சோயாவில் செய்த தெம்பேயும் கூடட்டும்.

வெயில் விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் இந்த நாட்டில், நம் இந்தியப் பெண்களிடையே வைட்டமின் டி குறைவு சர்வசாதாரணம். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு ஏழு மணியளவில்தான் விடிகிறது. அதற்குள் ஓட்டத்தை முடித்துவிட்டு, முழுக்கைச் சட்டையில் வேலைக்கோ பள்ளிக்கோ போகும் பெண் வெயிலை எங்கே பார்ப்பாள்? வாரத்தில் ஒரு பயிற்சியையாவது ஒன்பது மணிவாக்கில் வையுங்கள். நம் கறுத்த தோலுக்கு வெயில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இன்னொன்று, வெறும் ஓட்டம் எலும்புக்குப் போதாது. ஒரே மாதிரி அடிமேல் அடி விழுந்தால் கொஞ்ச நேரத்தில் எலும்புக்கு அது பழகிவிடும். குதிப்பது, பக்கவாட்டில் பாய்வது, எடை தூக்குவது இவைதான் அதை உறுதியாக்கும். பாண்டி ஆடியதும் கயிறு தாண்டியதும் சும்மா இல்லை. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் அதையே ஆட விடுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. பலகையில் எடை எழுதுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேச ஓர் அக்காவை நியமியுங்கள், நானே வரத் தயார். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ, மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியைக் கூட்டாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்தால், அல்லது தொடை இடுக்கில் வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். இடுப்போடு சேரும் இடத்தில், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டு, அது முழுதாக உடைந்தால் ஆபரேஷன் வரை போகும். அம்மாமார்களே, "இளைச்சிட்டே, அழகா இருக்கே" என்பதை ஓடுகிற மகளிடம் சொல்லாதீர்கள்.

அந்த ஐந்தாம் படிவப் பிள்ளை இப்போது ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போகிறாள். விரிசல்தான். ஆறு எட்டு வாரம் ஓய்வு. குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்றுதான் முதலில் கேட்டாள். எடுக்க மாட்டோம் என்று உங்களில் ஒருவர் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். ஒரு பானை ராகிக் கூழ் காய்ச்சிக் கொண்டு வருகிறேன், கருவாடும் உண்டு.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஓர் அக்கா
சுங்கை சிப்புட்