பல்லில் எலுமிச்சை தேய்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், பற்களை இயற்கை முறையில் வெண்மையாக்கும் வழிகளைப் படித்தேன். காபி, டீ, வெற்றிலை பாக்கு, புகையிலை எல்லாம் பல்லில் கறை ஏற்றும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல் பழுப்பேறுவதற்கு முக்கியமான காரணம் அதில் இல்லை. அது குடிக்கிற தண்ணீர். தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியையாக வேலை பார்ப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பாறைப் பூமி. பாறையில் இருக்கும் ஃபுளூரைடு என்ற உப்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதன் கடினமான மேலுறையான எனாமல் பழுதாகிவிடுகிறது. ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. முளைத்து வரும் பல் சுண்ணாம்பு பூசியது போல வெளிறியிருக்கும், குறுக்கே வெள்ளை வரிகள் ஓடும். போகப் போக அந்த வரிகள் பழுப்பாகும். மேல்வரிசை முன்பற்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால், பெரும்பாலும் அது ஃபுளூரைடு மிகுந்து வரும் ஃபுளோரோசிஸ் நோயாக இருக்கும். இது புதிய விஷயமும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளிடம்தான் ‘ஒழுங்காகப் பல் விளக்கு’ என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டுகிறோம். அவர்களும் நம்பி, செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று கிடைத்ததை எல்லாம் போட்டுத் தேய்க்கிறார்கள். இப்போது செல்போனில் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்ப்பதும் சேர்ந்துவிட்டது. என் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படித் தேய்த்துத் தேய்த்து, மண்பானைத் தண்ணீரைக்கூட முன்பல்லில் படாமல் வாயின் ஓரமாக விட்டுக் குடிக்கிறாள். அவ்வளவு பல் கூச்சம். கறை மட்டும் அப்படியே இருக்கிறது. பல்லுக்குள்ளேயே இருப்பதைத் தேய்த்து எப்படி எடுக்க முடியும்? எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும், கரியும் செங்கல் பொடியும் அதை ராவும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின்தான் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒருமுறை போன எனாமல் திரும்ப வளராது.

கறையை மறைக்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. லேசான கறையைப் பல் மருத்துவர் மேற்பரப்பை நுண்ணிய அளவில் தேய்த்துக் குறைப்பார், ஆழமான கறைக்குப் பல் நிறத்திலேயே மேற்பூச்சு போடுவார். இதை எல்லாக் குடும்பமும் செய்துகொள்ள முடியாது என்பதும் தெரியும். வரன் பார்க்கும் இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தியதாக எத்தனையோ தாய்மார்கள் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

அதனால் பிஞ்சு வயதிலேயே தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் கடனுதவியோடு போடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்ட பிறகு, காவிரித் தண்ணீர் எங்கள் ஊர்களுக்கு வருகிறது. பெரிய நன்மை அது, மறுக்கவே மாட்டேன். ஆனால் வரத்து குறைகிற நாளில் சில இடங்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்துவிடுகிறார்கள். குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று குடம் பிடிப்பவருக்குத் தெரிவதில்லை. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. கருவி குறைக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். பரிசோதனைப் பெட்டி இருந்தால் ஊரிலேயே பார்த்துவிடலாம், தண்ணீரில் விடும் மருந்தின் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினால் ஃபுளூரைடு அதிகம் என்று பொருள். அப்புறம், கேழ்வரகு, பால், கீரை, நெல்லிக்காய் தவறாமல் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள சாப்பாடு ஃபுளூரைடின் பாதிப்பை ஓரளவு குறைக்கும்.

மற்ற கறைகளைப் பற்றியும் சிறிது. இரும்புச்சத்து டானிக்கால் வரும் கருப்பு பல்லின் மேலே படிவது, மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். சிறு குழந்தைக்கு டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து வரும் நிறம் உள்ளே தங்குவது. அடிபட்ட ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமானால் வேரைப் பார்க்க வேண்டும். டீ, காபிக் கறைக்கு, குடித்ததும் வாய் கொப்பளிப்பதும் மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை துலக்குவதுமே போதும். நன்றாக மென்று மிருதுவாக்கிய வேப்பங்குச்சியும் நல்லதுதான், ஈறில் குத்தாமல் விளக்கினால்.

உங்கள் இதழ் எங்கள் கிராமத்து நூலகத்துக்கும் வருகிறது. அதில் சொன்னால் செய்து பார்ப்பார்கள். அடுத்த இதழிலேயே ஒரு பல் மருத்துவரிடம் கேட்டு, எலுமிச்சை, சோடா, கரி வேண்டாம் என்பதையும், குடிநீரை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது என்பதையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.