ஏற்காட்டில் உலை வைப்பவளுக்கு

அம்மாப்பேட்டை, சேலம்
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். பெரியம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. நெட்டைக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் அவளைக் கையில் பிடிக்க முடியாது. மற்ற கதையெல்லாம் பொங்கலுக்கு நீ கீழே வரும்போது பேசிக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி நீ அனுப்பியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. சோறு நடுவில் அரிசியாகவே நிற்கிறது, பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியவில்லை, மாவு ஒரு ராத்திரி முழுக்க வைத்தும் அசையவில்லை, அதனால் மூன்று வாரமாக ராத்திரிக்கு பன்னும் நூடுல்ஸும்தான் என்கிறாய். அதோடு நிற்காமல், "எனக்கு இதெல்லாம் வராதுடி, வேலையை விட்டுட்டு வந்துடலாம்னு பாக்குறேன்" என்று வேறு. போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. வார்டன் அக்காவின் திங்கட்கிழமைக் கிச்சடியையே சாப்பிட்டு முடித்தவள் நீ, இந்தக் கடிதம் எம்மாத்திரம்.

நீ இருப்பது 1,500 மீட்டர் உயரத்தில். சேலம் 300 மீட்டர்கூடக் கிடையாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். இங்கே கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கிற உலை, உனக்கு 95-லேயே கொதிக்கிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து அரிசி வெந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறாய், ஆனால் அந்தத் தண்ணீரில் சூடு போதாது. தீயைக் கூட்டினாலும் அது 95-ஐத் தாண்டாது. தண்ணீர்தான் வேகமாக வற்றும், அடி பிடிக்கும், நடு அரிசி அப்படியே நிற்கும். இங்கே 15 நிமிடத்தில் வேகிற பொன்னி அரிசி அங்கே 20 நிமிடமாவது கேட்கும். தண்ணீரும் அரை டம்ளர் கூட வேண்டும். அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வடிக்கிறதை விட்டுவிடு. மலையில் தனியாளுக்குக் குக்கர்தான். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் இங்கே குக்கருக்குள் இருக்கும் சூட்டுக்கு ஓரிரண்டு டிகிரிதான் குறையும். ஆனால் விசிலை எண்ணாதே. தீ பெரிதாக இருந்தால் மூன்று நிமிடத்தில் நாலு விசில் வந்துவிடும், உள்ளே ஒன்றும் வெந்திருக்காது. மூடி வழியாக ஆவி சீராக வந்த பிறகு வெயிட்டைப் போடு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பார். ஊறிய அரிசிக்கு 8 நிமிடம், துவரம் பருப்புக்கு 15 நிமிடம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் அந்தக் கடைசி வேக்காடு போய்விடும்.

பருப்பு மசியாததற்கு உயரம் மட்டும் காரணமாக இருக்காது. நீ வாங்கிய பருப்பு பழசாக இருக்கலாம். நாள்பட்ட பருப்பு எந்த ஊரிலும் வேகாது. இன்னொரு சந்தேகமும் உண்டு, நீ உப்பையும் புளியையும் தக்காளியையும் முதலிலேயே போட்டுவிடுகிறாய்தானே? புளிப்பு சேர்ந்தால் பருப்பின் செல் சுவர் இறுகிப்போகும், எவ்வளவு வேகவைத்தாலும் திரிதிரியாகத்தான் நிற்கும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் நாலு சொட்டு மட்டும் விட்டு வேகவை. மற்றதெல்லாம் மசித்த பிறகு. அரை டம்ளர் பருப்பைப் பெரிய குக்கரில் நேராகப் போட்டால் அடி பிடிக்கும், அடியில் தண்ணீர் விட்டு உள்பாத்திரத்தில் வை.

இப்போது உனக்கு வாரத்தில் நாலு நாளைக்குக் கை கொடுக்கப்போகிறதைச் சொல்கிறேன்: அரிசியும் பருப்பும். நம் பக்கத்துச் சாப்பாட்டிலேயே தனியாளுக்கென்று செய்துவைத்த மாதிரி இருப்பது இதுதான். ஒரே குக்கர், ஒரே தட்டு. முக்கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம் பருப்பு, இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறவை. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு அஞ்சு பல், தக்காளி பாதி, வரமிளகாய் இரண்டு. குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்து அடங்கிய பிறகு சீரகம், அப்புறம் பத்து மிளகைத் தட்டிப் போடு. சீரகத்தைக் கடுகோடு சேர்த்துப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் சீரகம் கருகிக் கசக்கும். வெங்காயத்தை நறுக்காதே, உரித்து முழுசாகவே போடு. ஓரம் லேசாகச் சிவந்து, உள்ளே கண்ணாடியாக வரும் வரை வதக்கு. பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் பாதித் தக்காளி. தக்காளி அதற்கு மேல் வேண்டாம், பருப்பு வேகணுமே. கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார் பொடி, ஒரு ஸ்பூன் உப்பு. இங்கே மூன்று டம்ளர் தண்ணீர் விடுவோம், நீ மூன்றரை விடு. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 12 நிமிடம். திறந்ததும் தண்ணியாகத் தெரியும், பயப்படாதே. ஒரு கிளறு கிளறி மூடி பத்து நிமிடம் விட்டால் சேர்ந்துகொள்ளும். தட்டில் போட்டு நடுவில் குழி பறித்து நெய் விட்டுக்கொள். நெய் கஞ்சத்தனம் இதில் மட்டும் கூடாது. தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும் போதும். அப்பளம் பொரிக்கச் சோம்பலாக இருந்தால் தீயில் சுட்டுக்கொள்.

இதே வேலை கொள்ளுக்கும் பொருந்தும், ஆனால் கொள்ளு பிடிவாதக்காரி. ராத்திரியே ஊறவைத்து, சிம்மில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடு. வெந்த தண்ணீரைக் கொட்டாதே, அதில்தான் ரசம். நெல்லிக்காய் அளவு புளி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன் தட்டியது, நாலு பல் பூண்டு. மிளகை மட்டும் பொடியாக வாங்கிவிடாதே. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு பாக்கெட் மிளகுத்தூள் வாங்கினால் நான் பேசமாட்டேன். முழு மிளகாக வாங்கி அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே தட்டு, மணம் தட்டிய கொஞ்ச நேரத்திலேயே பறந்துவிடும். ரசம் நுரை கட்டி ஏறியதும் அணைத்துவிடு. கொதிக்கவிட்டால் கசந்துபோகும்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உன்னை அழவைத்தது என்று தெரியும். மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி சூடு வேண்டும். சேலத்துக் கோடையில் ஏழு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். மார்கழி ராத்திரியில் ஏற்காட்டு அடுப்படியில் அந்தச் சூட்டில் பாதிகூட இருக்காது, 16 மணி நேரமாவது கேட்கும். நீ பத்து மணி நேரத்தில் திறந்து பார்த்துவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருக்கிறாய். அது கெடவே இல்லைடி, இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

கிரைண்டர் என்றால் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உன்னிடம் மிக்சிதான், அதில் உளுந்து அவ்வளவு பொங்கி வராது, மூன்றுக்கு ஒன்று போடு. வெந்தயம் ஒரு ஸ்பூன். உளுந்தைப் பளபளவென்று ஏழு தடவை கழுவாதே. மாவைப் பொங்கவைக்கிற நுண்ணுயிர் பெரும்பாலும் அதன் மேல்தான் இருக்கிறது. இரண்டு தடவை கழுவி, ஊறிய தண்ணீரிலேயே அரை. கையால் கலந்தால்தான் புளிக்கும் என்று பெரியம்மா சொல்வார்கள். கைச்சூடு கொஞ்சம் உதவும், மற்றபடி வேலை செய்வது உளுந்துதான். உப்பைப் பொங்கிய பிறகு போடு. நம் வெயிலில் மாவு அதிகம் புளிக்காமல் அடக்க முதலிலேயே போடுகிறோம், குளிரில் அது தாமதத்தை இன்னும் இழுக்கும். மாவுப் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. அதை, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் விட்ட அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி, மூடி, பழைய கம்பளியால் சுற்றிவிடு. படுக்கும் முன்பு ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை அந்த வெந்நீரை மாற்று. சனிக்கிழமை சாயங்காலம் அரைத்தால் ஞாயிறு மத்தியானத்துக்குள் எழும்பியிருக்கும். அடுத்த தடவைக்கு ஒரு கரண்டி பழைய மாவை எடுத்து வைத்துக் கலந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். இட்லியை 10 நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம் வேகவை, அங்கே ஆவியும் 95 டிகிரிதான். அப்படியும் எழும்பாவிட்டால் சோடா உப்பைத் தொடாதே. வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டுப் பணியாரம் ஊற்று.

குளிர் என்றதும் முக்கியமான ஒன்று. இதில் விளையாட்டே வேண்டாம். அறையைச் சூடாக்கவோ மாவைச் சூடாக வைக்கவோ கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதே. கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைவாசஸ்தலங்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி உயிர் விட்டிருக்கிறார்கள். கேஸ் அடுப்பு எரியும்போதும் ஜன்னல் ஒரு விரல்கடையாவது திறந்திருக்கட்டும். சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில் குளிரினால் தீ சோர்ந்து எரியும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைக்கிறவர்கள் உண்டு, நீ வைக்காதே.

உன் ஊரில் இவ்வளவு கஷ்டம் என்று நினைக்காதே, உனக்கு மட்டும் வாய்த்த வசதி ஒன்று இருக்கிறது. காப்பிக்கு நல்ல சூடு 90 முதல் 96 டிகிரி. இங்கே கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றணும், நீ கொதித்ததை அப்படியே ஊற்றலாம். ஃபில்டரில் மூன்று ஸ்பூன் பொடி, லேசாக அழுத்தி, முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் விட்டு, மிச்சத்தை ஊற்று. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த செடி அது, உன் ஜன்னலுக்கு வெளியே இன்னும் காய்க்கிறது. அதை விட்டுவிட்டு இன்ஸ்டன்ட் பாக்கெட்டைக் கிழிக்கிறாயாமே.

நான் இவ்வளவு எழுதுவது ருசிக்காக இல்லை, செல்வி. ஆறு மணிக்கு வேலையை விட்டு வருகிறாய், பனி இறங்கிவிடுகிறது, பேச ஆள் கிடையாது, போனைப் பார்த்துக்கொண்டே பன்னைத் தின்றுவிட்டுப் படுக்கிறாய். ஆபீஸ் நாள் முடிந்ததே உன் உடம்புக்குத் தெரிவதில்லை. அதனால்தான் பன்னிரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை என்று தோன்றுகிறது. வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் அரிசியும் பருப்பும் ஊறப்போட்டுவிடு. துணி மாற்றி, வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் அரை மணி ஓடிவிடும். ஏழே காலுக்குச் சுடச்சுடத் தட்டில் விழும். அந்த ஒன்றேகால் மணி நேரம் கைக்கு வேலை இருக்கும், மனசு சும்மா இருக்கும். இந்த ஊர் உனக்கு ஒத்துவருமா என்பதை இப்படி ஒரு மாசம் சாப்பிட்டுவிட்டு முடிவு செய். பசியோடு ராஜினாமா எழுதாதே.

நாளைக்குக் காலை பஸ்ஸில் அண்ணனிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய புதுத் துவரம் பருப்பு இரண்டு கிலோ, கொள்ளு அரை கிலோ, கம்பளிச் சுருட்டுக்குள் ஃபில்டர் இருக்கிறது, பார்த்து எடு. பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். மலையில் ஈரம் சீக்கிரம் ஏறும், அதனால் பொடியை இரண்டு சின்ன டப்பாவாகப் பிரித்துவிட்டேன். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திற, ஈரக் கரண்டி போடாதே. ஜவ்வரிசி வடகம் கோடையில் இங்கே போட்டது, உன் பனியில் நமத்துப்போகாமல் இருக்க எண்ணெய் காய்ந்த பிறகு டப்பாவைத் திற. பணம் கிணம் என்று பேசினால் பையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

சௌசௌ அங்கே மலிவு என்றாயே, தோல் சீவும்போது பால் கையில் ஒட்டும், தண்ணீருக்குள் வைத்துச் சீவு. கூட்டுக்குப் பாசிப்பருப்பு போதும். செய்துவிட்டு எப்படி வந்தது என்று எழுது, எத்தனை நிமிடம் பிடித்தது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
மலர்