திரும்பி வர்ற தகவல மறிக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

தலவாக்கலையில பதினோரு வருஷமா கொம்பியூட்டர் ரிப்பெயார் வேலை செய்றேன், வயர் இழுக்கிறதுல இருந்து ரவுட்டர் போடுற வரைக்கும். நெட் வேலை செய்யலன்னா இங்க எல்லாரும் மழை, மூடுபனி, டவர்னு சொல்லுவாங்க, சில நேரம் அது உண்மையும்தான். ஆனா போன மாசம் நான் பார்த்ததுக்கு மழை காரணமே இல்ல.

ஒரு படிப்பு நிலையம், பேர் வேணாம். ஏ.எல். முடிச்ச ஒரு பொம்பளப்புள்ள விண்ணப்பத்துக்கு சர்ட்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணி ஏத்தப் பார்க்குது, அம்மா அரைப்பேரோட (அரை நாள் சம்பளத்தோட) மலையில இருந்து இறங்கி வந்து பக்கத்துல நிக்கிறாங்க, கொழுந்துக் கறை புடிச்ச கையில ஒரிஜினல பிளாஸ்டிக் கவரோட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. பேஜ் திறக்குது, பேர் விலாசம் எல்லாம் அடிக்கலாம், பைல ஏத்துனா மட்டும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எரர்னு ஒரு வரி வரல. ஹொட்லைனுக்கு அடிச்சா எங்க பக்கம் எல்லாம் சரின்னாங்க. நான் போய் கொம்பியூட்டர்ல எம்.டி.யூ.வ (ஒரே துண்டா அனுப்பக்கூடிய தகவலோட உச்ச அளவு) 1500 பைட்ல இருந்து 1400க்கு குறைச்சேன், உடனே ஏறிருச்சு.

ஏன்னு சொல்றேன். எங்க தேயிலைத் தோட்டங்கள்ல லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) தனி விலாசம் இல்லாம கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கயே கிடந்து, இன்டர்வியூ திகதி போனப்புறம் கைக்கு வந்த கதை உங்க வாசகர்களுக்கு நல்லாத் தெரியும். கடிதம் சேரலன்னா காரணத்த எழுதித் திருப்பி அனுப்புனாத்தான அனுப்புனவங்களுக்கு வேற வழி பார்க்க முடியும்? நெட்வேர்க்லயும் அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, பேரு ஐ.சி.எம்.பி., 1981ல ஜோன் போஸ்டல் எழுதுன ஆர்.எஃப்.சி. 792ங்கிற இன்டர்நெட் விதி ஆவணத்துல அது இருக்கு. நெட்ல தகவல் துண்டு துண்டாத்தான் போகும், ஒரு துண்டுக்குப் பேரு பெக்கட். ஒரு பெக்கட் சேரலன்னா வழியில இருக்கிற ரவுட்டர் அந்தப் பெக்கட்டோட தலைப்பகுதியையும் உள்ள இருக்கிற முதல் 8 பைட்டையும் எடுத்து வச்சு, காரணத்தோட அனுப்புன கொம்பியூட்டருக்கே திருப்பி விடும். போய்ச் சேர முடியலன்னா டைப் 3, வழியிலயே ஆயுசு முடிஞ்சிருச்சுன்னா டைப் 11 (பெக்கட் போற வழியக் காட்டுற ட்ரேஸ்ரூட் ஓடுறதே இத வச்சுத்தான்). மத்தப் பக்கம் பதில் சொல்லுதான்னு பார்க்க நாம அடிக்கிற பிங்கும் இதே குடும்பம், டைப் 8 போகும், டைப் 0 வரும். முக்கியமான விஷயம், இந்த எரர் மெசேஜ் தொலைஞ்சா அதுக்கு இன்னொரு எரர் வராது, அப்படி வந்தா ரெண்டு பக்கமும் முடிவில்லாம அனுப்பிக்கிட்டே இருக்கும்னு அந்த விதி. அதனால நடுவுல யாராவது மறிச்சா யாருக்கும் தெரியாது.

அங்க நடந்தது இதுதான். பெக்கட் 1500 பைட், வெளிய போற லைன்ல பி.பி.பி.ஓ.இ. (கம்பெனி லைன்ல லொகின் பண்ற முறை, அதுக்கும் கொஞ்சம் இடம் போகும்) இருந்தா 1492தான் போகும், மேல டனலும் (ஒரு பெக்கட்ட இன்னொரு பெக்கட்டுக்குள்ள வச்சு அனுப்புறது) இருந்தா இன்னும் கம்மி. பெக்கட்ட உடைக்கக் கூடாதுன்னு அடையாளம் போட்டிருக்கிறதால ரவுட்டர் அத அனுப்பாமப் போட்டுட்டு, பெரிசா இருக்கு, இந்த சைஸ்ல அனுப்புன்னு டைப் 3 கோட் 4 அனுப்புது. புதுசா வச்ச ஃபயர்வோல் (எது உள்ள வரலாம், எது வரக் கூடாதுன்னு பார்க்கிற காவல்) அந்தத் தகவல உள்ள விடல. கொம்பியூட்டர் மறுபடி மறுபடி அதே சைஸ்ல அனுப்புது. சின்னப் பெக்கட் எல்லாம் தாராளமாப் போறதால பேஜ் மட்டும் திறக்குது, லைன் நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க.

மறிக்கிறவங்களோட பயம் எனக்குப் புரியுது. 90கள்ல பிங்க வச்சே கொம்பியூட்டர முடக்குற பிங் ஒஃப் டெத், ஸ்மர்ஃப்னு தாக்குதல் நடந்தது உண்மை. அதுக்கு பிங்குக்கு அளவு வைங்க, வெளிய இருந்து வர்ற பிங்க நிப்பாட்டுங்க, ஆனா எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா அடைக்கிறது சரியில்ல. ஐ.பி.வி.6 (நெட் விலாசத்தோட புது முறை) வரும்போது இது இன்னும் மோசம், அதுல நடுவுல இருக்கிற ரவுட்டர் பெக்கட்ட உடைக்கவே உடைக்காது, பெரிசா இருக்குன்னு சொல்ற டைப் 2 மெசேஜ் வந்தே ஆகணும்.

அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் ஸ்கூல் லெப், கொமினிகேஷன் கடை, ஆபீஸ்னு ஃபயர்வோல் போடுற தம்பிமாருக்கு என் வேண்டுகோள், டைப் 3, டைப் 11 ரெண்டையும் உள்ள விடுங்க, போட்டு முடிச்சதும் ஒரு பெரிய பைல ஏத்திப் பார்த்துட்டு சாவியக் குடுங்க. அந்தப் புள்ளைக்கு விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்துச்சு.

இப்படிக்கு,
தலவாக்கலை வாசகர்