பட்டியல்களில் சிதையும் தமிழ்ப் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டண ரசீதிலோ பயனாளிகள் பட்டியலிலோ தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் அச்சாகியிருப்பதை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். ‘ஃபான்ட் பிரச்சினை’ என்று கவுன்ட்டரில் சொல்லப்படும் பதில் பெரும்பாலும் சரியன்று. எழுத்துரு இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். கேள்விக்குறி தெரிந்தால், அந்தப் பெயர் தரவுத்தளத்துக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து வரும் வழியிலோ அழிந்திருக்கிறது. தரவுத்தளப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இத்துறையில் உள்ள இளைஞர்களுக்குப் பயன்படும் சிலவற்றை உங்கள் இதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

சந்தேகம் எழுந்தால் திரையை நம்பாமல், சேமிக்கப்பட்ட பைட்டுகளையே, அதாவது எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கும் எண்களையே, பார்க்க வேண்டும். தரவுத்தள மென்பொருள்களான மைஎஸ்கியூஎல்லில் ‘ஹெக்ஸ்’, ஆரக்கிளில் ‘டம்ப்’ ஆகிய செயற்கூறுகள் அதைக் காட்டிவிடும். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ‘ஈ0’ (E0) என்ற பைட்டில்தான் தொடங்கும். அது இருந்தால் தரவு நலமாக இருக்கிறது, கோளாறு அதைத் திரையில் காட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ‘சி3 ஏ0’ (C3 A0) என்று திரும்பத் திரும்ப வந்தால், ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருந்ததை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன் குறியாக்கம் என்று கருதி மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். பிரதி ஒன்றில் சோதித்துவிட்டு, அந்த மாற்றத்தைத் திருப்பிச் செய்து மீட்டுவிடலாம். வெறும் ‘3எஃப்’ (3F) மட்டுமே இருந்தால் அது உண்மையான கேள்விக்குறி. பழைய பேக்கப்பையோ காகித விண்ணப்பத்தையோ தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இழப்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிகழ்வதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் புலத்தை எம்மொழி எழுத்தையும் ஏற்கும் ‘என்வார்கேர்’ வகையாகச் சரியாக அமைத்திருந்தாலும், வினவலில் தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தை இடாமல் விட்டால், பெயர் சத்தமின்றிக் கேள்விக்குறிகளாகிவிடும். மைஎஸ்கியூஎல்லிலோ, 8.0 பதிப்புக்கு முன்பு வரை இயல்பான குறியாக்கம் லத்தீன்-1 ஆகவே இருந்ததால், பழைய அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவசியம். எக்செல்லில் திருத்திய பட்டியலைச் சேமிக்கும்போதும் சாதாரண சிஎஸ்வியைத் தவிர்த்து, யுடிஎஃப்-8 சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது நீளம். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் நாம் எண்ணுவது 9 எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் வழங்கும் உலகத் தரமான யூனிகோடில், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 16 குறிகள். யுடிஎஃப்-8இல் 48 பைட்டுகள். ஆரக்கிளில் எழுத்துகளைச் சேமிக்கும் ‘வார்கேர்2’ புலத்துக்கு 30 என்று அளவு கொடுத்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை அது 30 பைட்டுகளையே குறிக்கும். பெயர் உள்ளே போகாது. உடனே ஒருவர் அதை வெட்டிச் சேர்க்க நிரல் எழுதுவார். அளவைப் பைட்டுகளில் அல்லாமல் குறிகளில் எண்ணும்படி ‘கேர்’ (CHAR) என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் இந்த வேலையே இல்லை.

எல்லாவற்றையும்விட நுட்பமானது தேடல். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பு முதல் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவமாக்கிச் சீராக்கிவிடும். ஆனால் ‘ஸ்ரீ’ அப்படியன்று. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பிறகு, ஒரே தோற்றமுள்ள அந்த எழுத்தை ‘ஸ’, ‘ஶ’ என்ற இரு வேறு மெய்களைக் கொண்டு எழுத முடிகிறது. எந்த நார்மலைசேஷனும் அவற்றை ஒன்றாக்காது. இதனால் ஒரு ஸ்ரீதரைத் தேடினால் மற்றொரு ஸ்ரீதர் கிடைக்க மாட்டார். ‘கௌரி’ என்பதை ளகரமிட்டுக் ‘கெளரி’ என்று பதிவு செய்வதும் மிகப் பரவலான வழக்கம். அதற்காகக் கொம்பும் ளகரமும் வரும் இடங்களையெல்லாம் கண்மூடித்தனமாக மாற்றினால் ‘கெளுத்தி’ சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, மனிதர் ஒருவர் பார்த்தே திருத்த வேண்டும்.

அகரவரிசைக்குப் போஸ்ட்கிரெஸில், யூனிகோடு சார்ந்த ஐசியு நிரல் தொகுப்பு வழங்கும் தமிழ் வரிசைமுறை இருக்கிறது. அதைப் பயன்படுத்தாவிட்டால் குறியெண் வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னாலும், றகரம் லகரத்துக்கு முன்னாலும் வந்து நிற்கும்.

மென்பொருள் வாங்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீனாட்சிசுந்தரம், ஸ்ரீதர், கௌரி, கொற்றவை போன்ற பெயர்களைப் பதிந்து, தேடி, வரிசைப்படுத்தி, ஏற்றுமதி செய்து, மறுபடி இறக்கிக் காட்டும் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேருங்கள். அதில் தேறிய பிறகே இறுதித் தவணையை வழங்குங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.